கன்னம் தேய்ந்த கிரிஸ்பஸ்

லண்டனில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாணயச் சந்தை கூடும். நீளமான மேசைகள், ஒவ்வொன்றின் மேலும் கழுத்து வளைந்த விளக்கு, விளக்கடியில் வெல்வெட் விரித்த தட்டுகள். தங்கமும் வெள்ளியும் கண்ணாடிக்குள் இருக்கும். நான் போவது அவற்றுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைகளைக் கத்தை கத்தையாக அடுக்கிவைத்திருக்கும் மரப்பெட்டிகளுக்காக. ரோமானியச் செப்புக்காசு, வெண்கலக்காசு எல்லாம் அங்கேதான் கிடக்கும். போன வருடம் அப்படி ஒரு பெட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கிரிஸ்பஸ் என்ற ரோமானிய இளவரசன் கையில் வந்தான். உறையின் மேல் பென்சிலால் 25 பவுண்டு என்று எழுதியிருந்தது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கன்னம் தேய்ந்திருக்கிறதே" என்றேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். மறுத்துப் பேசவில்லை. 5 பவுண்டைக் குறைத்துக்கொண்டு கொடுத்துவிட்டார்.

கரூர்ச் சந்தையில் அம்மாவோடு போய்க் கத்தரிக்காய் பொறுக்கிப் பழகிய கை இது. சொத்தையைக் காட்டினால் விலை இறங்கும் என்று அதற்குத் தெரியும். வாங்கிய அன்று எனக்குச் சந்தோஷம்தான். ரயிலில் வீடு வந்து சேரும்வரை உறையை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அடுத்த வாரங்களில் அந்த ஒற்றைப் பேச்சு மட்டும் மனதில் நெருடிக்கொண்டே இருந்தது. கன்னம் தேய்ந்திருக்கிறதே என்றேன், சரி. யார் தேய்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எப்போது தேய்த்தார்கள் என்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியபோது ஏழெட்டு மாதம் ஓடியிருந்தது.

காசில் இருப்பது

காண்டாமிருகம் போட்ட நம் பழைய 25 பைசா நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே அகலம், அதே எடை. 19 மில்லிமீட்டர், 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. செம்பில் துளி வெள்ளி கலந்து வார்த்து, மேலே மெல்லிய வெள்ளிப்பூச்சும் கொடுத்து வெளியே விட்ட காசு. பூச்சு முக்கால்வாசி போய்விட்டது. எழுத்துகளின் இடுக்கில் மட்டும், பாத்திரம் தேய்க்கும்போது விளிம்பில் தங்கிவிடும் சாம்பல்போல, கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மற்ற இடமெல்லாம் கரும்பழுப்பு. காதருகே ஒரு மிளகளவு பச்சைக் களிம்பு.

தலைப்பக்கத்தில் ஓர் இளைஞன். தலையில் இலைமுடி, மார்பில் கவசம். சுற்றிலும் ஃபிளாவியஸ் ஜூலியஸ் கிரிஸ்பஸ் என்ற பெயரும், பெயருக்குப் பின்னால் 'மிக உன்னதமான சீசர்' என்ற பட்டமும் சுருக்கெழுத்தாக ஓடுகின்றன. அந்தக் காலத்தில் அகஸ்டஸ் என்றால் ஆளுகிறவர், சீசர் என்றால் அடுத்து ஆளப்போகிறவர். பின்பக்கத்தில் செங்கல் செங்கலாக அடுக்கிய ஒரு வாயில், மேலே இரண்டு சிறு கோபுரம், நடுவில் நட்சத்திரம். படைப் பாசறையின் வாயில் என்பார்கள், எல்லைக் காவற்கோபுரம் என்பாரும் உண்டு. சுற்றியுள்ள எழுத்து 'ப்ரோவிடென்டியே கேஸ்'. சீசர்களின் முன்யோசனை என்று சொல்லலாம். வரப்போவதை முன்கூட்டியே பார்த்து நாட்டைக் காப்பவர்கள் என்று பொருள். அடிக்கோட்டின் கீழே நான்கு லத்தீன் எழுத்து: பி, எல், ஓ, என். கடைசி மூன்றும் லண்டனைக் குறிக்கும். நான் காசு வாங்கிய ஊரிலேயே அச்சான காசு. கிழக்கு இங்கிலாந்தில் ஒரு வயலில் மெட்டல் டிடெக்டரோடு அலைந்தவர் யாரோ கண்டெடுத்தது என்று உறையில் குறிப்பு இருந்தது.

லண்டனில் இந்த வாயில் படத்தை 324இல் அச்சிடத் தொடங்கினார்கள். அங்கிருந்த நாணயச்சாலையே 325இல் மூடப்பட்டது. எனவே என் காசுக்கு வயது கணிப்பது சுலபம். இரண்டே வருடத்துக்குள் அடக்கம். இந்தக் கணக்கை வாங்கிய அன்றே போட்டுவிட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒரே நாளில் மூன்று பிள்ளைகள்

கிரிஸ்பஸ் மாமன்னன் கான்ஸ்டன்டைனின் மூத்த மகன். கான்ஸ்டன்டைனின் முதல் துணையான மினெர்வினாவின் வயிற்றில் பிறந்தவன். பிறகு கான்ஸ்டன்டைன் மணந்த ஃபவுஸ்டா ஒரு பேரரசனின் மகள். அவளுக்கும் வரிசையாகப் பிள்ளைகள் பிறந்தார்கள். 317 மார்ச் 1ஆம் தேதி செர்திக்காவில், அதாவது இன்றைய சோஃபியாவில், ஒரே நாளில் மூன்று பேருக்குச் சீசர் பட்டம் கட்டினார்கள். ஒருவன் வாலிபனான கிரிஸ்பஸ். இன்னொருவன் ஃபவுஸ்டாவின் காலத்தில் பிறந்த சின்ன கான்ஸ்டன்டைன், அப்போது கைக்குழந்தை. மூன்றாமவன் கிழக்குப் பாதியை ஆண்ட லிசினியஸின் மகன், அவன் பெயரும் லிசினியஸ். இரண்டு வயது நிரம்பாத பிள்ளை. அவன் தாய் கான்ஸ்டன்டைனுக்குத் தங்கை முறை. இரண்டு அரசர்களும் போரிட்டு, அலுத்து, சமாதானமாகி, அந்தச் சமாதானத்தைப் பிள்ளைகளின் தலையில் கட்டினார்கள். நாணயச்சாலைகளில் வேலை தொடங்கியது.

என்னிடம் சின்ன கான்ஸ்டன்டைனின் காசு ஒன்றும் உண்டு. பல வருடம் முன்னால் வாங்கியது. பின்பக்கத்தில் இலைவளையம், அதற்குள் ஐந்தாண்டு வேண்டுதல் என்று லத்தீனில் இருக்கும். சுற்றிலும் 'நம் சீசர்களுக்கு' என்ற எழுத்து. நாம் நேர்ந்துகொள்வதுபோலத்தான், இத்தனை வருடம் நல்லபடியாக ஓடட்டும் என்று தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வார்கள். நேர்த்திக்கடனைக் காசிலேயே அடித்து ஊரெல்லாம் அனுப்பிவிடுவார்கள். அது அச்சானபோது அந்தப் பையனுக்கு நான்கைந்து வயது. காசில் இருப்பவனுக்குக் கழுத்து தடித்திருக்கிறது. தாடை உறுதியாக இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளையின் கழுத்து எப்படி இருக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது?

ஒருநாள் இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் எழுதிய விளிம்பைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். அண்ணன் யார், தம்பி யார் என்று சொல்ல முடியவில்லை. நல்ல கலைஞன் வெட்டிய அச்சில் வித்தியாசம் தெரியும், கிரிஸ்பஸின் முகம் தனித்துத் தெரியும் அழகான காசுகளும் இருக்கின்றன. ஆனால் கடைத்தெருவில் புழங்கிய இந்தச் சில்லறையில், வாலிபனுக்கும் பிள்ளைக்கும் ஒரே முகம் போதும் என்று அச்சு வெட்டியவர் முடிவு செய்திருக்கிறார். அந்தக் கைக்குழந்தையை அவர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார். மேலிடத்திலிருந்து அப்பாவின் முகம் ஒன்று மாதிரியாக வந்திருக்கும். அதே மூக்கைக் கொஞ்சம் இளமையாக்கிப் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டார். காசு யாரைக் காட்டுகிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேனோ, அவர்கள் அதில் இல்லை. அப்பாவின் ஆசை இருக்கிறது. என் சட்டைப்பையில் இருக்கும் காசைப் பார்த்து, இவனுக்குப் பிறகும் ஆள் உண்டு, கலகம் வராது, கவலைப்படாதே என்று நான் எண்ணிக்கொள்ள வேண்டும். அதற்காக அடித்தது.

வாரிசுகளின் காசுகளில் பிள்ளையைப் பிள்ளையாகவே காட்டியது ஒன்று எனக்கு நினைவில் நிற்கிறது. ஏலப் பட்டியலில் அதன் படத்தை முதலில் பார்த்தபோது பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை. கி.பி. 22–23இல் டைபீரியஸ் ஆட்சியில் அவன் மகன் ட்ரூசஸ் பெயரில் வந்த, செஸ்டெர்டியஸ் என்ற பெரிய காசு அது. (சேகரிப்பவர்கள் எல்லாவற்றையும் வெண்கலம் என்ற ஒரே கணக்கில் போடுவார்கள். செஸ்டெர்டியஸ் உண்மையில் பித்தளை, புதிதில் பொன்போல மின்னும்.) ட்ரூசஸுக்கு 19ஆம் ஆண்டில் இரட்டை ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். காசில், பழமும் தானியமும் நிரம்பி வழியும் இரண்டு கொம்புகள் குறுக்கே பின்னியிருக்க, ஒவ்வொரு கொம்பின் வாயிலும் ஒரு குழந்தைத் தலை. தட்டில் எடுத்து வைத்த கனிபோல. கன்னம் உப்பிய, மூன்று வயதுப் பிள்ளைகளின் தலை. 23ஆம் ஆண்டிலேயே ட்ரூசஸ் இறந்தான். இரட்டையரில் ஒருவனும் அதே வருடம் போய்விட்டான். மிஞ்சியவனை டைபீரியஸுக்குப் பின் வந்த கலிகுலா சாகவைத்தான். காசு 35 மில்லிமீட்டர் அகலம், உள்ளங்கை கனக்கும். அப்படிப்பட்ட காசில் அடித்துச் சொன்ன செழிப்பு இருபது வருடம்கூடத் தாங்கவில்லை.

இந்த வயதுப் பொய் எங்கள் ஊர்வரை வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரைப் பக்கத்திலும், கடல் தாண்டி இலங்கையிலும் பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். பேரரசன் தியோடோசியஸும் அவன் பிள்ளைகள் ஆர்கேடியஸ், ஹொனோரியஸும் அவற்றில் வருவார்கள். ஹொனோரியஸுக்கு 393இல் அகஸ்டஸ் பட்டம் கட்டியபோது அவனுக்கு வயது 8. காசில் அவனும் வளர்ந்த ஆள்தான். மணலைச் சலித்து அதைப் பொறுக்கியவர்களுக்கு அது வெறும் செம்பு. பள்ளி நாளில் ஒருவர் என் உள்ளங்கையில் அப்படி ஒன்றை வைத்துக் காட்டினார். அந்தக் கனமில்லாத கனத்தில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

326

324 கோடையில் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் கடைசியாக மோதினார்கள். ஹெலெஸ்பான்ட் நீரிணையில் தன்னுடையதைவிடப் பெரிய கடற்படையை உடைத்து அப்பாவுக்குக் கிழக்கின் வழியைத் திறந்துவிட்டவன் கிரிஸ்பஸ். அதற்கு முன்பே இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ட்ரியரில் தங்கி ரைன் ஆற்று எல்லையைக் காத்தவன். லாக்டான்டியஸ் என்ற பெரிய லத்தீன் அறிஞர் அவனுக்கு ஆசிரியராக இருந்தார். வெற்றிக்குப் பின் யூசிபியஸ் என்ற ஆயர் தன் திருச்சபை வரலாற்றில் அவனை அப்பாவைப்போலவே எல்லாவற்றிலும் சிறந்தவன் என்று வாயாரப் புகழ்ந்தார். என் காசு அடிக்கப்பட்டது இந்தப் புகழின் உச்சத்தில். நாடு முழுக்க ஒரே அரசன், வாளேந்திய மூத்த மகன், எல்லையில் வாயில், வாயிலின் மேல் நட்சத்திரம்.

அதே காலத்தில் ஃபவுஸ்டாவுக்கும் காசு வந்தது. அதன் பின்பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். ஒரு பெண் நிற்கிறாள், இரண்டு கையிலும் இரண்டு குழந்தைகளை அணைத்திருக்கிறாள். சுற்றிலும் 'நாட்டின் நம்பிக்கை' என்று எழுத்து. குழந்தைகள் அவள் பெற்ற சின்ன கான்ஸ்டன்டைனும், 324 நவம்பரில் ஏழு வயதில் சீசர் ஆன கான்ஸ்டான்டியஸும் என்றுதான் பொதுவாகக் கொள்வார்கள். மூத்தாள் மகனுக்கு அந்தக் கையில் இடமில்லை. காசைச் சாட்சியாக வைத்துக் குடும்பச் சண்டையைக் கட்டிவிடக் கூடாது என்று எனக்கும் தெரியும். வளர்ந்த ஆளை இடுப்பில் வைத்துக் காட்டவும் முடியாது. ஆனாலும் இரண்டு காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் ஏதோ சொல்லத்தான் செய்கிறது.

326இல் கான்ஸ்டன்டைன் தன் மகனைக் கொல்ல ஆணையிட்டான். இன்றைய குரோஷியாவில் இருக்கும் போலா நகரத்தில் அது நடந்தது. அதே வருடம் ஃபவுஸ்டாவும் செத்தாள், அளவுக்கு மீறிச் சூடாக்கிய குளியலறையில் என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். ஏன் என்பதற்கு அவர்கள் சொன்ன கதைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சித்தி பழி சுமத்தினாள் என்கிறது ஒரு கதை. அந்தக் கதைகளில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. கொன்றவன் வாய் திறக்கவில்லை என்பதுதான் மிஞ்சுகிறது. கல்வெட்டுகளில் கிரிஸ்பஸின் பெயர் வந்த இடங்களைச் செதுக்கி எடுத்தார்கள். யூசிபியஸின் வரலாற்றில் அந்தப் புகழ்ச்சி சில பிரதிகளில் அவன் பெயரில்லாமல் நிற்கிறது. பின்னால் அதே யூசிபியஸ் கான்ஸ்டன்டைனின் வாழ்க்கையை விரிவாக எழுதினார். அதில் அப்படி ஒரு மகன் பிறந்ததாகவே தெரியாது. செர்திக்காவில் அன்று பட்டம் கட்டிய மூன்று பேரில் சின்ன லிசினியஸும் இந்நேரம் பதவியும் உயிரும் போனவன். எஞ்சிய சின்ன கான்ஸ்டன்டைன் 340இல் சொந்தத் தம்பியோடு மோதி அக்விலேயா அருகே செத்தான்.

முகத்தை அழிப்பது ரோமர்களுக்குப் புதிதல்ல. பேரரசன் கராகல்லா 211இல் தன் தம்பி கெட்டாவைத் தாயின் மடியிலேயே வெட்டவைத்த பிறகு, தம்பியின் முகம் இருந்த காசுகளை உருக்கவைத்தான் என்று அக்கால வரலாற்றாசிரியர் காஸியஸ் டியோ எழுதுகிறார். இன்றைய துருக்கியில் இருந்த ஸ்ட்ராடோனிகியா நகரத்து வெண்கலக்காசுகளில் அண்ணனும் தம்பியும் எதிரெதிராகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல காசுகளில் தம்பி இருந்த இடம் சுரண்டி வழிக்கப்பட்டு வெறும் பள்ளமாக இருக்கும். அண்ணன் மட்டும் அந்தப் பள்ளத்தையே வெறித்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்கிற எவரும் முதலில் கேட்பது, அங்கே யார் இருந்தது என்றுதான். அழித்தவர்களுக்கு அது தோன்றவில்லை போலும்.

கிரிஸ்பஸ் விஷயத்தில் யாரும் காசைச் சுரண்டவில்லை. வாயில் படம் போட்ட காசு 326க்குப் பிறகும் மற்ற நாணயச்சாலைகளில் வந்துகொண்டே இருந்தது. அதே செங்கல் வரிசை, அதே கோபுரம், அதே நட்சத்திரம், அதே 'சீசர்களின் முன்யோசனை'. தம்பிகள் இருவரின் பெயரில் மட்டும். கிரிஸ்பஸுக்கு அடுத்த அச்சை வெட்டவில்லை, அவ்வளவுதான். காசைக் கையில் வாங்கிய ஆளுக்கு ஒரு பெயர் குறைந்தது கண்ணில் பட்டிருக்குமா? எனக்கு இது சுத்தியலைவிடக் கொடுமையாகப்பட்டது. ஒரு பள்ளமாவது மிஞ்சியிருக்கலாமே என்று தோன்றியது. பல மாதம் இந்த எண்ணத்திலேயேதான் இருந்தேன். சத்தமில்லாமல் துடைத்துவிட்டார்கள், காசும் அதற்கு உடந்தை என்று. அதை ஒரு கட்டுரையாக எழுதி முடித்து வைத்தும் விட்டேன். நல்லவேளை, வெளியிடவில்லை.

கை தின்றது

லண்டனின் ஹாரோ பகுதியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஓர் ஐயா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், தபால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய சிலோன் சதக்காசுகளைச் சேர்ப்பவர். ரோமாபுரி அவருக்கு அக்கறையில்லாத ஊர். செம்பு, வெண்கலம் என்றால் விரலாலேயே படித்துவிடுவார். ஒரு சனிக்கிழமை மாலை தேநீருக்கு வந்தவரிடம் என் தட்டைக் காட்டினேன். மற்றதையெல்லாம் மரியாதைக்குப் பார்த்துவிட்டு கிரிஸ்பஸிடம் நின்றார்.

"உதைக் கொஞ்சம் தாரும் தம்பி."

உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். லென்ஸை மாட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாய்த்தார். கன்னத்தெலும்பு, காதுக்கு மேல் முடி, இலைமுடியின் மேல்வரிசை. ஒவ்வொன்றிலும் வெளிச்சம் வந்து வழிந்து போயிற்று. பின்பக்கம் திருப்பினார். வாயிலின் நடுவில் செங்கல் கோடுகள் மறைந்திருந்தன. ஓரத்துச் செங்கல்களும் விளிம்பு எழுத்துகளும் கூர்மையாக இருந்தன.

"கன்னம் தேய்ந்திருக்குங்க ஐயா. அதைச் சொல்லித்தான் 5 பவுண்டு குறைச்சு வாங்கினேன்" என்றேன்.

"இது அச்சு வடிவா விழாத பிழையில்லை. மண் திண்டதுமில்லை. மண் திண்டால் சொரசொரக்கும், கை திண்டால் வழுக்கும். தொட்டுப் பாரும்."

தொட்டேன். வழுக்கியது. அத்தனை மாதம் என்னிடம் இருந்த காசு, ஒருமுறைகூட அந்தக் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்ததில்லை. எண்ணெய் படும் என்று விளிம்பிலேயே பிடித்துப் பழக்கம்.

"எத்தனை வருஷம் கை மாறியிருந்தா இப்படித் தேயும்?"

அவர் யோசித்தார். தன் வீட்டில் இருக்கும் சதங்களை மனதில் எடுத்துப் புரட்டுகிறார் என்று தெரிந்தது. "ஒண்டு ரெண்டு வருசத்தில இப்படித் தேயாது. பத்துப் பதினைஞ்சாவது வேணும். கூடவும் இருக்கலாம்" என்றார். காசைத் திருப்பித் தந்துவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார். அவர் மகளின் புது வீட்டைப் பற்றிப் பேச்சு போயிற்று. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேனே தவிர எதுவும் காதில் விழவில்லை. 324, 325 என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு திரும்ப ஓட ஆரம்பித்திருந்தது.

அச்சானது அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குள். அவன் செத்தது 326இல். அவன் உயிரோடு இருந்தபோது இந்தக் காசு கை மாறியது ஒரு வருடமோ, மிஞ்சினால் இரண்டு வருடமோ. அந்த நாளில் வெள்ளிப்பூச்சே முழுதாகப் போயிருக்காது. அப்படியென்றால் இந்தக் கன்னத்தைத் தேய்த்ததில் பெரும்பங்கு அவன் செத்த பிறகு நடந்தது. கல்லில் அவன் பெயரைச் செதுக்கி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், யூசிபியஸின் பிரதியில் அவன் பெயர் உதிர்ந்துகொண்டிருந்த காலத்தில், பிரிட்டனில் ஏதோ ஒரு கடைத்தெருவில் யாரோ அவன் முகத்தைக் கட்டைவிரலால் நகர்த்தி எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவர் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் முடிந்திருக்கிறார். லண்டன் நாணயச்சாலை மூடியபின் புதுக்காசு அங்கே வர வேண்டுமானால் ட்ரியரிலிருந்தும் லியோனிலிருந்தும் ஆர்லிலிருந்தும் கடல் தாண்டி வர வேண்டும். ஊரில் இருக்கும் பழைய காசு ஓடினால்தான் வியாபாரம் ஓடும். அதில் யார் முகம் இருக்கிறது, அவன் இப்போது எங்கே என்று பார்த்துக்கொண்டு நிற்க ரொட்டி விற்பவருக்கு நேரமிருக்காது. அவன் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக எந்தப் பழைய ஆசிரியரும் சொல்லவில்லை. அவன் செத்துப் பல வருடம் கழித்து மண்ணில் புதைத்த காசுப் பானைகளிலும் அவன் அப்பாவோடும் தம்பிகளோடும் கலந்தே கிடக்கிறான்.

காசு உடந்தை என்று எழுதி வைத்திருந்தேனே, அந்தக் கட்டுரையை அன்று இரவே அழித்தேன். மேலே இருப்பவன் அடுத்த அச்சை நிறுத்தலாம். ஏற்கெனவே அடித்து அனுப்பிய லட்சக்கணக்கான முகங்களை அவனால் என்ன செய்ய முடியும்? எவர் எவர் பையிலோ போய்விட்டன. மாமன்னனே ஒருநாள் தன் முன்னால் நீட்டிய சில்லறையில் அந்த முகத்தைப் பார்த்திருப்பானா என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் அந்த மூக்கு அவனுடைய மூக்கேதான்.

அவன் நினைவைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் அந்தக் காசை வைத்திருக்கவில்லை என்பதும் தெரியும். விசுவாசத்தால் அவர்கள் தேய்க்கவில்லை. உப்புக்கும் பருப்புக்கும் தேய்த்தார்கள். எனக்கு அதுவே பெரிதாகப்படுகிறது. பேரரசே சேர்ந்து ஒருவனை இல்லையென்று சொன்ன வருடங்களில், அப்படிச் சொல்ல வேண்டுமென்றுகூடத் தெரியாத ஜனங்களின் கையில் அவன் இருந்திருக்கிறான். அந்தக் கைகள் ஒவ்வொன்றும் கன்னத்திலிருந்து தூசியளவு எடுத்துக்கொண்டிருக்கின்றன. நான் சொத்தை என்று காட்டி விலை குறைத்தது அந்த இடத்தைத்தான்.

இந்தப் பிப்ரவரியில் மறுபடி சந்தைக்குப் போனேன். ஐயாவும் சிலோன் சதம் ஏதாவது கிடைக்குமா என்று கூட வந்தார். அதே கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, உனக்காகத்தான் எடுத்து வைத்தேன் என்று மேசைக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். கிரிஸ்பஸ், ட்ரியர் நாணயச்சாலை, அதே வாயில் படம். வெள்ளிப்பூச்சு முழுதாக இருந்தது. கன்னத்தெலும்பு கூராக நின்றது. இலைமுடியின் ஒவ்வொரு இலையையும் எண்ணலாம். 90 பவுண்டு. எனக்குக் கை நீண்டது. வாங்கி விளக்கடியில் சாய்த்தேன், பிறகு ஐயாவிடம் நீட்டினேன். அவர் லென்ஸ்கூட எடுக்கவில்லை. பெருவிரலால் கன்னத்தை ஒருமுறை தடவினார்.

"இது கடைக்கே போகேல்லை" என்றார். "அடிச்ச கையோட மண்ணுக்க போட்டுது."

நான் அதை உறைக்குள் நழுவவிட்டுக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.